பதினோராம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவல்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதும் முப்பத்தைந்து வயதுப் பெண். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. பாட்டியின் கதையை நாவலாக எழுத ஆரம்பித்துப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. பதினோராம் அத்தியாயத்தின் நடுவில் நிற்கிறார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "எனக்கு வராதுங்க."

இவர் தனியொருவர் அல்லர். மலையில் வேலைக்குப் போய்க்கொண்டே முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல்களை ஒருவர் மேல் ஏற்றி அமைத்த மாதிரி இது. பக்கக் கணக்கும் வாரக் கணக்கும் அந்த மாதிரிக்கு உரியவை. வரலாற்றுத் தேதிகள் மட்டும் உள்ளபடி.

நோட்டுகள் சொன்னது

அவருக்கு உதவ உட்கார்ந்தபோது, முதல் வேலையாக எழுதியதைப் படிக்கவில்லை, எண்ணினோம். படித்தால் அது நல்லதா கெட்டதா என்ற பேச்சு வந்துவிடும். எண்ணும்போது அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கோடு போட்ட நீள நோட்டில் 143 பக்கம். பக்கத்துக்குச் சராசரி 170 சொல். ஆக 24,310 சொற்கள். நாவல் 55,000 சொல் வரும் என்று திட்டம்.

ஓரத்தில் தேதி போடும் பழக்கம் அவருக்கு இருந்தது. கணக்கு எழுதும் கை. அந்தத் தேதிகளை வரிசைப்படுத்தியதும் விஷயம் வெளியே வந்தது. முதல் ஐந்து மாதத்தில் 118 பக்கம். அடுத்த ஒன்பது மாதத்தில் வெறும் 25. ஆனால் அதே ஒன்பது மாதத்தில் முதல் அத்தியாயம் ஏழு முறை திருப்பி எழுதப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு முறையும் 13 பக்கம். அது 91. இரண்டையும் கூட்டினால் 116.

ஐந்து மாதத்தில் 118, ஒன்பது மாதத்தில் 116. வேகம் பாதியாகியிருக்கிறது, கை நிற்கவில்லை. நாவல் முன்னால் போவதற்குப் பதில் முதல் அத்தியாயத்தையே சுற்றி வந்திருக்கிறது. "எனக்கு வராது" என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எப்போதும் நல்லது. பெரும்பாலும் வந்துகொண்டுதான் இருக்கும், போகிற இடம் மட்டும் தவறாக இருக்கும். முதல் அத்தியாயத்துக்குத் திரும்புவதில் ஒரு சுகம் உண்டு. அங்கே என்ன நடக்கும் என்று தெரியும், வாக்கியத்தை மெருகேற்றினால் போதும், வேலை செய்த திருப்தியும் கிடைக்கும். பதினொன்றில் அப்படியில்லை.

முப்பத்தொரு சந்தேகம்

அடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து மனதில் இருக்கும் சந்தேகம் அத்தனையையும் வரிக்கு ஒன்றாக எழுதச் சொன்னோம். சுருக்க வேண்டாம், வெட்கப்பட வேண்டாம். 31 வந்தது. அவற்றை மூன்றாகப் பிரித்தோம்: தகவல் பற்றியவை 12, கைவேலை பற்றியவை 11, தகுதி பற்றியவை 8. எழுதுகிறவர் மனதில் மூன்றும் ஒரே குரலில்தான் பேசும், அதுதான் தொல்லை. "1971-இல் கப்பல் எங்கே நின்றது?" என்ற கேள்வியும் "நானெல்லாம் எழுத்தாளரா?" என்ற கேள்வியும் ஒரே கனத்தில் வந்து விழும். முதலாவதற்கு நூலகத்தில் அரை நாள் போதும். இரண்டாவதற்கு நூலகத்தில் பதில் கிடையாது.

தகவல் சந்தேகங்களில் ஒன்று மட்டும் பெரிய அடி போட்டிருந்தது. நாவலில் குடும்பம் 1971-இல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குகிறது. எட்டாம் அத்தியாயம், உணர்ச்சியோடு எழுதிய இடம். பிறகு ஒரு நாள் அவருக்கே தெரிந்துவிட்டது: 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோயிற்று, அதற்குப் பின் வந்தவர்கள் இறங்கியது ராமேஸ்வரத்தில். அங்கிருந்து, திரும்பி வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாம். அந்த ஒரு பிழை பிடிபட்டதும் மற்ற எல்லாமே பொய்யாகப் பட ஆரம்பித்துவிட்டது. தேதியைப் பார்த்தால், முதல் அத்தியாயத்தை நான்காம் முறை எழுதத் தொடங்கியது அதற்கு அடுத்த நாள்.

இந்த மாதிரிப் பிழைக்கு முதல் வரைவில் செய்ய வேண்டியது இரண்டு வரிக் குறிப்பு மட்டுமே. பக்க ஓரத்தில் "இறங்கும் இடம் ராமேஸ்வரம், காட்சியை மாற்று" என்று எழுதிவிட்டு மேலே போக வேண்டும். மற்ற தகவல்களும் அப்படியே. இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினர் பற்றி இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவு. மீதி 1,50,000 பேர் விஷயம் 1974-இல்தான் ஆளுக்குப் பாதியாகத் தீர்ந்தது. வந்தவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் 1968-இல் தொடங்கியது. 'டேன்டீ' என்ற தனி நிறுவனமாக மாறியது எழுபதுகளின் நடுவில். ஆகவே 1971-இல் சம்பளம் வாங்கும் பாத்திரம் "டேன்டீயில் வேலை" என்று சொல்லாது. இதெல்லாம் இரண்டாம் வரைவில் ஒரு வாரத்தில் சரியாகக்கூடியவை. ஆனால் எழுதும் வேளையில் ஒவ்வொன்றையும் தேடப் போனால் காலை போய்விடும், பெரும்பாலும் மறுநாளும் போய்விடும்.

போனில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம்: தெரியாத தகவல் வரும் இடத்தில் 'ஃஃ' என்று இரட்டை ஆய்தம் போட்டுவிட்டு நகருங்கள். இன்றைய உரைநடையில் ஆய்தம் இரட்டித்து வரும் சொல் கிடையாது. பிறகு அதை மட்டும் தேடினால் விட்ட இடம் எல்லாம் ஒன்றொன்றாக வந்து நிற்கும்.

உண்மையான முடிச்சு

கைவேலைச் சந்தேகங்கள் பதினொன்றில் ஏழு, வெவ்வேறு சொற்களில், ஒரே விஷயத்தைத்தான் கேட்டன. நாவல் பேத்தியின் 'நான்' குரலில் போகிறது. எட்டாம் அத்தியாயத்தில் பாட்டி நினைவாகச் சொல்லும் கப்பல் காட்சி தவிர, பத்தாம் அத்தியாயம் வரை 2009-இல், கோத்தகிரியில். பதினொன்றில் கதை 1971-க்குள் இறங்க வேண்டும்: பாட்டிக்கு இருபத்திரண்டு வயது, கையில் குழந்தை, காட்டை வெட்டிச் செடி வைக்கும் வேலை. பேத்தி அங்கே இல்லை. பாட்டி சொல்லக் கேட்டதாக எழுதினால் காட்சி முழுக்க "சொல்வாள்", "சொன்னாள்" என்று தொங்குகிறது. நேரே பார்த்ததுபோல எழுதினால் பொய்யாகப் படுகிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கம் எழுதி, அடித்து, "எனக்கு வராது" என்று நோட்டை மூடியிருக்கிறார்.

"எனக்கு வராது" என்பது இங்கே திறமை பற்றிய தீர்ப்பாக ஒலிக்கிறது. அந்த இடத்தில் உண்மையில் இருந்த கேள்வி, "இந்தக் காட்சியை யார் கண்ணால் பார்ப்பது?" முடிவெடுக்காமல் விட்ட ஒரு தொழில்நுட்ப விஷயம் ஒன்பது மாதம் தன்னம்பிக்கைப் பிரச்சினையாக வேஷம் போட்டிருக்கிறது. முதல் நாவல்களில் இது அடிக்கடி நடக்கும். நடக்கும் இடமும் ஏறத்தாழ ஒன்றே, மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில். தொடக்கத்தின் உற்சாகம் தீர்ந்து, ஆரம்பத்தில் யோசிக்காமல் எடுத்த முடிவுகளின் வட்டி கட்ட வேண்டிய இடம் அது.

எடுத்த முடிவு: பதினொன்று முதல் 1971 பகுதிகள் படர்க்கையில், இளம் வயதுப் பாட்டியின் பக்கத்தில் நின்று. 2009 பகுதிகள் பேத்தியின் குரலிலேயே தொடரும். முதல் பத்து அத்தியாயங்களில் இதற்குத் தோதாகச் செய்ய வேண்டிய மாற்றங்களை ஒரு தனித்தாளில் எழுதி, அவை ஏற்கெனவே செய்தாகிவிட்டதாக வைத்துக்கொண்டு முன்னால் எழுதுவது. பின்னால் போய்த் திருத்தக் கூடாது. இது பலருக்கு ஏற்காது. அடித்தளம் கோணலாக இருக்கும்போது மேலே எப்படிக் கட்டுவது என்பார்கள். நாவல் கட்டடம் போன்றதில்லை. பதினைந்தாம் அத்தியாயத்தில் என்ன தேவைப்படும் என்று தெரியாமல் முதல் அத்தியாயத்தைச் சரிசெய்தால் அதை இன்னொரு முறை சரிசெய்ய வேண்டிவரும். ஏழு முறை நடந்ததும் அதுதான்.

பேச்சு மொழி இன்னொரு கைவேலைச் சந்தேகம். பாட்டியின் வாயில் லயம், பெரட்டு, கணக்கப்பிள்ளை, அரைப்பேர், பீலிக்கரை என்ற தோட்டத்துச் சொற்கள் எல்லாம் சாதாரணமாக வரும். கீழே சமவெளியில் படிப்பவருக்குப் புரியுமா என்ற பயத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் விளக்கி எழுதியிருந்தார். "அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி" என்று ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் சொல்கிறது. இருவரும் தோட்டத்து ஆட்கள்! முதல் வரைவுக்கு வைத்த விதி: விளக்கவே வேண்டாம், சொல் காட்சிக்குள் வேலை செய்தால் போதும். மழைக்கு மலையிலிருந்து சீக்கிரம் இறங்கிய நாளில் "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று ஒருத்தி முகம் சுளித்தால் யாருக்கும் புரியும். பக்கத்து ஹட்டிக்காரர், அதாவது படுகர் ஊர்க்காரர், படுக மொழியில் பேசும் இடங்களை, தெரிந்தவரிடம் கேட்டுச் சரிபார்க்கும் வரை, தமிழிலேயே எழுதி ஓரத்தில் குறி.

எட்டுத் தகுதிச் சந்தேகங்கள்

"ஏற்கெனவே எழுதாததா?", "படித்தவர்கள் சிரிப்பார்கள்", "வீட்டு வேலையை விட்டுவிட்டு இது தேவையா?" இந்த வகை. இவற்றோடு வாதாடுவதில் பலனில்லை என்பது எங்கள் கருத்து. ஒவ்வொன்றுக்கும் நல்ல பதில் சொல்லலாம், மறுநாள் காலை அதே கேள்வி புதிதாக வரும். தன்னால் முடியும் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியபோது நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலின் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. வாட்ஸப்பில் வரும் "சூப்பர் அக்கா" மூன்றாவது வகை, இரண்டு நாளைக்குத் தாங்கும். ஒரு காட்சியை முடித்த நோட்டுப் பக்கம் அப்படிக் கரைவதில்லை.

எட்டில் ஒன்று மட்டும் வேறு ரகம்: "சித்தப்பா படித்தால் தன்னைத்தான் எழுதியிருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்." இது தகுதிக் குறைவே அல்ல, நியாயமான கவலை. இதற்கு இரண்டாம் வரைவு வரை காத்திருக்கக் கூடாது. பெயர் பாத்திரத்தோடு ஒட்டிவிடும், பிறகு பிரிப்பது கடினம். அன்றைக்கே பெயர், தொழில், உடல் அடையாளம் மூன்றையும் மாற்றினோம். சித்தப்பா மாமாவானார், டிரைவர் டீமேக்கரானார், நொண்டும் கால் போய் நரைத்த புருவம் வந்தது. நான்கு நாளில் அந்தப் பாத்திரம் சித்தப்பா செய்திராத காரியங்களைச் செய்ய ஆரம்பித்தது.

தினசரி அளவு

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் தினசரி இலக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவது தப்பு. முப்பது நாளில் 50,000 சொல் என்ற பேர்போன கணக்கு நாளுக்கு 1,667 வரும். தமிழில் "வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து" ஒரே சொல். அதே எண்ணிக்கை தமிழில் அதிக உழைப்பு. வேலைக்குப் போகிறவர் அந்த இலக்கை வைத்துக்கொண்டால் முதல் வாரமே தோற்று, தோல்வியைத் தன் குணமாக எடுத்துக்கொள்வார்.

மீதம் இருந்தது 30,690 சொல். ஃபேக்டரியில் கொழுந்து மாலையில்தான் வந்து குவியும், எடைக் கணக்கு முடிய இரவாகும். இரவு உதவாது. காலை 5 முதல் 5:50 வரை, வாரம் ஐந்து நாள், நாளுக்கு 300 சொல். நோட்டில் இரண்டு பக்கத்துக்குச் சற்றுக் குறைவு. வாரத்துக்கு 1,500, இருபத்தொரு வாரம். அதோடு ஐந்து வாரம் சும்மா சேர்த்தோம்: காய்ச்சல், திருவிழா, விருந்தாள், கரண்ட் இல்லாத நாள். சும்மா வாரம் சேர்க்காத திட்டம் மூன்றாம் வாரத்திலேயே கடன்பட்டுவிடும். ஏப்ரல், மே கொழுந்து அதிகம் வரும் காலம் என்பதால் தொடக்கம் ஜூன் முதல் வாரம்.

இலக்குக்குக் கீழே இன்னொரு அளவும் வைத்தோம்: மோசமான நாளுக்கு அரைப் பக்கம். அதை எட்டினாலும் நாள் 'எழுதிய நாள்'தான். அதோடு ஒவ்வொரு காலையும் நோட்டை மூடும் முன் மறுநாளைக்கான முதல் வரியை எழுதிவைப்பது. முழு வரி, "அடுத்து முகாம்" என்ற குறிப்பு போதாது. குளிரில் விரல் விறைத்திருக்கும் ஐந்து மணிக்கு யோசனையில் தொடங்குவது கஷ்டம், ஏற்கெனவே இருக்கும் வரியைப் பார்த்து எழுதித் தொடங்குவது சுலபம்.

மூன்று முன்னேற்பாடுகள் நோட்டு அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டப்பட்டன. பழையதைப் படிக்கத் தோன்றினால் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பேன். தகவல் தெரியாவிட்டால் குறி போட்டு நகர்வேன். "எனக்கு வராது" என்று வந்தால் "எது வரவில்லை?" என்று கேட்டுப் பதிலை ஓரத்தில் எழுதுவேன். இது நடந்தால் இதைச் செய்வேன் என்று முன்கூட்டிக் கட்டிவைக்கும் முறை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளால் பரவலாக அறியப்பட்டது. வெறும் உறுதிமொழியைவிட இது காரியத்தில் நிற்கும்.

எங்கெங்கே சறுக்கியது

ஐந்தாம் வாரம், முதல் நோட்டைத் திறந்துவிட்டார். மூன்று காலை போயிற்று. பழைய நோட்டுகளைத் துணியில் கட்டி உறவினர் வீட்டில் வைத்ததும் தீர்ந்தது. மன உறுதியைவிட தூரம் நன்றாக வேலை செய்யும்.

ஒன்பதாம் வாரம் நடந்தது பெரியது. பதின்மூன்றாம் அத்தியாயத்தை, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டினார். அவர் அக்கறையோடு சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார்: எங்கே க், ச், த், ப் மிகும், எங்கே மிகாது, ற எங்கே, ர எங்கே. பதினோரு பக்கத்தில் எழுபத்துச் சொச்சம் குறிகள். கதை பற்றி ஒரு சொல் இல்லை. ஆறு நாள் எழுத்து நின்றது. ஏழாம் நாள் எழுதிய வரிகள் ஒற்று சரியாகவும் உயிர் இல்லாமலும் இருந்தன. தமிழில் முதல் நாவல்களை நிறுத்தும் காரணங்களில் இந்த ஒற்றுப் பயத்துக்குத் தனி இடம் உண்டு. பள்ளியிலேயே ஏறிய பயம். எழுத்துத் தடையை ஆராய்ந்த மைக் ரோஸ் 1980-இல் பத்து மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தடைபட்டு நின்ற ஐந்து பேர் விதிகளை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவர்களாக இருந்தார்கள். தடையில்லாத ஐந்து பேருக்கும் விதிகள் இருந்தன, ஆனால் அவை வளையக்கூடியவை. சந்திப் பிழையை மெய்ப்புப் பார்ப்பவர் கடைசியில் ஒரே வீச்சில் எடுத்துவிடுவார். செத்த காட்சிக்கு அவரால் உயிர் கொடுக்க முடியாது.

அதன் பிறகு படிப்பவர் மாறினார். ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண், வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிப்பவர். அவரிடம் ஒரே கேள்விதான்: "எந்த இடத்துல புரியல?" முதல் வாரம் அவர் சொன்னது: "அக்கா, அந்தக் குழந்தை கப்பல்ல இருந்துச்சு, முகாமுக்கு வந்தப்புறம் காணோமே?" உண்மையிலேயே காணோம். மூன்று அத்தியாயமாகக் கைக்குழந்தையை மறந்திருந்தார். இந்தக் கேள்வி யாரையும் நிறுத்தாது, மறுநாள் எழுத ஒரு வேலையைக் கொடுக்கும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கனமாகக் கொட்டும் மழை இதுதான். கரண்ட் போகும், போனில் சார்ஜ் இருக்காது. கை விறைப்புக்காகக் குரல்வழித் தட்டச்சை முயன்று பார்த்ததில், தகரக் கூரை மேல் மழை விழும் சத்தத்தில் அது பாதி வாக்கியத்தை விழுங்கியது. மழை இல்லாத நாளிலும் "வந்துட்டாக" என்று சொன்னால் வேறெதையோ போட்டது. வட்டார உரையாடலுக்கு அது உதவாது. மழைக்காலம் முழுக்கப் பேனா, மெழுகுவர்த்தி. இலக்கு அரைப் பக்கமாக இறங்கியது. இறங்கும் என்று ஜூனிலேயே எழுதிவைத்திருந்ததால் அதைத் தோல்வியாக யாரும் நினைக்கவில்லை.

பத்தொன்பதாம் வாரத்தில், முடிவு தெரியவில்லை என்று நின்றார். நாவல் நீலகிரியில் நடந்த 2009 நவம்பர் மண்சரிவில் முடிய வேண்டும், ஆனால் எப்படி என்று தெரியவில்லை. நடந்த துயரத்தைக் கதைக்குப் பயன்படுத்துகிறோமோ என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கத்தில் ஒரு தற்காலிக முடிவு எழுதச் சொன்னோம், அசிங்கமாக இருந்தாலும் சரி. சரிவைக் காட்டாமல், ரோடு அறுந்து பஸ் வராத மூன்று நாளில் லைன் வீட்டுக்குள் பாட்டியும் பேத்தியும் இருப்பதாக எழுதினார். அது தற்காலிகம்தான். ஆனால் நடுவில் இருந்த நான்கு அத்தியாயங்களுக்கும் போகிற திசை தெரிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை, சுருக்கமாக. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எழுத்து மட்டுமல்லாமல் எதிலுமே பிடிப்பில்லாமல் போனால் மேலே சொன்ன எந்த முறையும் மருந்தாகாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

கடைசிக் கணக்கு

இருபத்தாறு வாரத்தில் எழுதிய வாரம் 22, எழுதாத வாரம் 4. எழுதிய வாரத்துக்குச் சராசரி 1,260 சொல், மொத்தம் 27,720. பழையதோடு சேர்த்து 52,030. திட்டத்தைவிட மூவாயிரம் குறைவு, இது ஒரு பொருட்டில்லை. ஓரக் குறிகள் 214.

நோட்டுகளைக் கட்டி ஆறு வாரம் தொடாமல் வைத்த பிறகு, பழைய முப்பத்தொரு சந்தேகங்களின் தாளை எடுத்துப் பார்த்தோம். தகவல் பன்னிரண்டில் பத்துக்கு நூலகத்திலும் பெரியவர்களிடமும் பதில் கிடைத்திருந்தது. கைவேலை பதினொன்றில் ஒன்பது எழுதும்போதே கரைந்துபோயிருந்தன. தகுதி எட்டில் சித்தப்பா விஷயம் ஒன்றுதான் தீர்ந்திருந்தது. மற்ற ஏழையும் அவர் படித்துப் பார்த்து, "இன்னும் அப்படித்தாங்க தோணுது" என்றார்.

தாளைத் திருப்பி இரண்டாம் வரைவின் வேலைப் பட்டியலைத் தொடங்கினார். முதல் வரி: எட்டாம் அத்தியாயம், கப்பல் ராமேஸ்வரத்தில் நிற்க வேண்டும்.